பதில் சொன்ன தெரு

1943 ஆகஸ்ட் 2, திங்கள்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி நடப்பதை நடந்தபடியே எழுதி வைக்கப் போகிறேன்.

இன்று அரண்மனை உத்தரவு வந்தது. கொன்றையூர் சமஸ்தானத்தின் புதிய கல்லூரிக்குத் திருச்சியிலிருந்து ஒருவரை முதல்வராகக் கொண்டுவருகிறார்கள். என்னைவிட எட்டு வயது இளையவர். இப்போதைய ராஜா சிறுவனாக இருந்தபோது தினமும் மாலையில் என் எதிரே உட்கார்ந்து ஆங்கிலம் படித்தார். "காலேஜ் வந்தா நீங்கதான் சார் பிரின்ஸிபால்" என்று சொன்னது அவர் வாய்தான். ராஜாக்களுக்கு ஞாபகம் என்பது பிறர் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். நான் கோட்டை வாசலுக்கு எதிரே ஹைஸ்கூல் தலைமையாசிரியருக்கான இந்த ஓட்டு வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அதே உத்தரவின் அடியில் இன்னொரு வரி. யுத்தத்தை முன்னிட்டு உத்தியோகஸ்தர்களின் மாதப் படியரிசி பாதியாகக் குறைக்கப்படுகிறது.

வடிவாம்பாளிடம் சொன்னேன்.

"பாதியாவா குறைச்சுட்டாங்க?" என்றாள்.

"பிரின்ஸிபால் வேலை போச்சுங்கிறேன். நீ படியைப் பத்திக் கேக்கிற."

அவள் உள்ளே போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என் மனக்குறை ஒன்றையாவது அவள் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஆகஸ்ட் 5, வியாழன்

பர்மா அரிசி நின்று ஒன்றரை வருஷமாகிறது. கன்ட்ரோல் கடையில் புழுத்த சோளம் போடுகிறார்கள். அதற்கும் விடியற்காலையிலிருந்து வரிசை. நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுவிட்டன. எங்கள் தெரு மூலையில் குடியிருந்த நெசவாளி பொன்னுரங்கத்தின் வீட்டில் ஆனி மாதம் ஒருவர் பின் ஒருவராகக் கடைசிக் குழந்தை வரை எல்லோரும் போய்விட்டார்கள். வாந்திபேதி என்று சுகாதார அதிகாரி எழுதினார். வாந்தி எடுக்க வயிற்றில் என்ன இருந்தது என்று அவர் எழுதவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது.

கோட்டைக் களஞ்சியத்து நெல் மட்டும் லாரி லாரியாக ரயிலடிக்குப் போகிறது, பட்டாளத்துக்கு. ராஜா வலியக் கொடுத்த காணிக்கை. பதிலுக்கு ஒரு பட்டம் வரும் என்று பேச்சு.

இந்த ஊரின் பழக்கம் ஒன்றை இங்கே எழுத வேண்டும். உச்சிவேளையில் கோட்டை வாசலில் ஒரு ஆள் வந்து நின்று, "பசித்தவர் உண்டோ?" என்று மூன்று முறை கூவுவார். அவருக்குக் கேள்விக்காரர் என்று பெயர். இப்போது இருப்பவர் மாயழகு. அவர் தகப்பனும் பாட்டனும் அதே வேலை பார்த்தவர்கள். யாராவது "இருக்கேன்" என்றால் அவரை உள்ளே அழைத்துச் சோறு போட வேண்டும். பிறகு கேள்விக்காரர் உள்ளே போய், "வாசல் நிறைவு" என்று சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் ராஜா இலையில் கை வைக்கலாம். பழைய நாளில் ஒரு பரதேசியோ இரண்டு வழிப்போக்கரோ பதில் சொல்வார்கள். இப்போது வாசலில் தெரு கொள்ளாத கூட்டம். நேற்று ராஜா சாப்பிட உட்காரும்போது விளக்கு வைத்துவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 9, திங்கள்

திவான் கனகசபாபதி கூப்பிட்டு அனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர், எனக்கு எதிராக ராஜாவின் காதில் ஓதியவர் இவர்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன்.

"நீங்க சரித்திரம் படிச்சவர். இந்தக் கேள்வியை நிறுத்த ஏதாவது வழி இருக்குதுங்களா?" என்றார்.

"நிறுத்தினா ராஜா சம்மதிக்க மாட்டார். அவருக்குச் சாமி பயம் அதிகம்."

"அப்புறம் என்ன பண்றது? நாளெல்லாம் சோறு போட்டா பட்டாளத்துக்கு என்னத்தை அனுப்பறது?"

நான் ஒரு பொதுவான கருத்தைத்தான் சொன்னேன். கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் பழக்கம் சொல்கிறது. கேட்கும்போது தெருவில் ஆள் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பட்டணத்தில் விமானத் தாக்குதல் ஒத்திகைக்குச் சங்கு ஊதி எல்லோரையும் வீட்டுக்குள் அடைக்கிறார்கள். அது உச்சிவேளையில் நடந்தால் தெரு காலியாக இருக்கும். அவ்வளவுதான் சொன்னேன்.

திவான் காப்பி வரவழைத்தார். சர்க்கரை போட்ட காப்பி.

ஆகஸ்ட் 11, புதன்

இன்று முதல் சங்கு. கொன்றையூர் மேல் ஒரு குண்டை வீணாக்க எந்த ஜப்பான்காரனுக்கும் மனசு வராது. ஆனாலும் போலீஸார் தடியோடு வந்து எல்லோரையும் உள்ளே விரட்டினார்கள்.

கடிகாரங்களை யுத்தத்துக்காக ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருப்பதால் உச்சிவேளை எது என்பதே குழப்பம். மாயழகுவுக்கு மட்டும் நிழல்தான் கணக்கு. நிழல் காலடியில் ஒடுங்கியதும் வந்து நின்றார். முன்னறைச் சன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியே பார்த்தேன். வெள்ளை வெளேரென்று வெயில். ஒரு நாய்கூட இல்லை. அவர் மூன்று முறை கேட்டார். சுவர்களில் மோதி அவர் குரலே அவருக்குத் திரும்பி வந்தது. கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு உள்ளே போனார்.

ராஜா நேரத்தோடு சாப்பிட்டாராம்.

ஆகஸ்ட் 14, சனி

திவானின் மதியூகத்தைப் பாராட்டி ராஜா அவருக்குத் தங்கக் கடிகாரம் கொடுத்திருக்கிறார். மதியூகம் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

படியரிசி பாதியாகியும் என் இலையில் ஒரு பருக்கை குறையவில்லை. வடிவாம்பாள் செட்டாகக் குடித்தனம் செய்யத் தெரிந்தவள். அதை மட்டும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 16, திங்கள்

நான் பகுத்தறிவுள்ளவன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சங்கு ஊதியது. தெரு காலியானது. மாயழகு வந்து நின்று ஒரு முறை கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டு முடித்து அவர் திரும்பும்போது, "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

உரத்த குரல் இல்லை. கெஞ்சலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல், வறண்டு, நிதானமாக. தெருவில் யாரும் இல்லை. மாயழகு இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆரு? வாங்க, சோறு இருக்கு" என்றார். ஒருவரும் வரவில்லை. வெயிலில் அவர் நின்றபடியே நின்றார்.

ஆகஸ்ட் 18, புதன்

நேற்றும் வந்தது. இன்றும் வந்தது. போலீஸார் ஓடு பிரித்துக்கூடத் தேடினார்கள். மாயழகுவே குரலை மாற்றிப் பேசுகிறார் என்று திவான் அவரைக் காவலில் வைத்திருக்கிறார். விலங்கோடு அழைத்துப் போகும்போது என் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்.

"ஹெட்மாஸ்டரய்யா, எங்கப்பன் காலத்துலயும் பதில் வரும். ஆனா பதில் பின்னாடியே ஆளும் வந்துரும். இது குரல் மட்டும் வருதுங்கய்யா. ஆளை வுட்டுட்டு வருது."

வடிவாம்பாள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பைப் பிடிக்க அவளுக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 20, வெள்ளி

மாயழகு இல்லாமல் வேறொருவனைக் கூவ வைத்தார்கள். அவனுக்கும் பதில் வந்தது. ராஜா திங்கட்கிழமையிலிருந்து பகலில் சாப்பிடவில்லை என்று கேள்வி. இன்று என்னைக் கூப்பிட்டார். போஜன அறையில் வெறும் இலை போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்டிவிட்டது.

"உங்க வீடு எதிர்த்தாப்பில்தானே சார். உங்களுக்கும் கேட்குதா?"

"கேட்கிறது மகாராஜா."

"பதில் சொன்னவங்களுக்குச் சோறு போடாம நான் சாப்பிட்டா இந்த வம்சம் இருக்காதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. வரச் சொல்லுங்க சார். யாரா இருந்தாலும் வரச் சொல்லுங்க. நானே பரிமாறறேன்." பிறகு, "அது ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. அது தெருப் பக்கம் பார்த்தது. சாத்திக் கொக்கியைப் போட்டேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

வடிவாம்பாளின் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்குகின்றன. தட்டானிடம் கொடுத்துச் சிறிதாக்கிக் கொள்ளச் சொன்னேன். சிரித்தாள். இந்த வயதில் என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, சங்கு ஊதும் முன்பே சமையலறைக்குப் போய் அவள் அருகில் தரையில் உட்கார்ந்தேன். அடுப்பு குளிர்ந்திருந்தது. எனக்கான சோறு மட்டும் மூடி வைத்திருந்தது. வேறு பாத்திரத்தில் ஒன்றும் இல்லை.

"நீதானா?" என்றேன்.

"அவங்க கேட்டாங்க. சொன்னேன்."

"இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வச்சேன்? தலைமையாசிரியன் பெண்டாட்டி பிச்சைக்காரி மாதிரி..."

"பிச்சை கேக்கலைங்களே. சோறு வேணும்னு நான் போனேனா? பசிச்சவங்க உண்டான்னு மூணு தடவை கேக்கறாங்க. ஒருத்தர் கேட்டு எத்தனை நாளாச்சு. வாய் தானாத் திறந்துருச்சுங்க."

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. வாசலில் கூவுவது கேட்டது. அவள் வாயில் கை வைத்து அழுத்தினேன். வேறு வழியில்லை, யாராவது கண்டுபிடித்தால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். என் கையடியில் அவள் உதடுகள் அசையவில்லை. அதை உறுதியாகச் சொல்கிறேன். மூச்சுதான் சூடாகப் பட்டது.

மூன்றாவது கேள்வி முடிந்தது.

"இருக்கேன்" என்று தெருவில் குரல் வந்தது.

எதிர் வரிசையிலிருந்து. அடுத்து, பக்கத்து வீட்டிலிருந்து இன்னொன்று. பிறகு தெருக்கோடியிலிருந்து ஒரு கிழக்குரல். கடைசியாக, மூலையில் பூட்டிக் கிடக்கும் பொன்னுரங்கத்தின் வீட்டுப் பக்கமிருந்து ஒன்று. அது குழந்தைக் குரல்.

என் கை அவள் வாயிலேயே இருந்தது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 28, சனி

இப்போது தினமும் தெரு முழுக்கப் பதில் சொல்கிறது. ஆனால் மற்ற நேரத்தில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கன்ட்ரோல் கடை வரிசையில் வாயைக் கிளறிப் பார்த்தேன்.

"எங்களுக்கென்னங்க தெரியும்? சங்கு ஊதினா உள்ளாற போயிர்றோம்" என்றார் ஒருவர்.

"உள்ளே போய் என்ன செய்றீங்க?"

"குண்டு விழுதான்னு காத்துக்கிட்டிருக்கோம்." வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை, "மொதமொதல்ல ஹெட்மாஸ்டரய்யா வூட்டுப் பக்கந்தான் கேட்டுச்சாம்ல" என்றாள். நான் சோளம் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 1, புதன்

திவான் வந்தார், என் வீட்டுக்கே. நாற்காலியில் உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை தெருவில் சிப்பாய்களை நிறுத்தறேன். வீட்டுக்கு ஒரு ஆள், கதவைப் பார்த்து. எந்த வீட்டிலிருந்து சத்தம் வருதோ அந்த வீட்டுக் கதவில் சுண்ணாம்பு அடிச்சு, உள்ளே இருக்கறவங்களை ஜெயிலுக்கு அனுப்பறது. உங்க வீட்டைப் பத்தியும் பேச்சு இருக்குது. சங்கு யோசனையை எனக்குச் சொன்னவர்ங்கிற மரியாதைக்காக முன்கூட்டிச் சொல்றேனுங்க."

இந்த மரியாதையை மூன்று வாரம் முன்பு ராஜாவிடம் சொல்லியிருக்கலாம்.

மாயழகுவை விட்டுவிட்டார்கள். அவர் கூவினால்தான் கேள்வி செல்லும் என்று ராஜா பிடிவாதமாக இருக்கிறாராம்.

வடிவாம்பாளை அவள் தமையன் ஊருக்குப் போகச் சொன்னேன். வண்டிக்கு நானே பேசுகிறேன் என்றேன்.

"நடந்து வாசல் வரைக்கும் போக முடியலைங்க. வண்டியில எங்க ஏற?" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பாதங்கள் நீர் ஏறி வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினாள், குழி விழுந்தது, நிரம்பவில்லை.

இரவு என் இலையில் இருந்ததை இரண்டாகப் பகிர்ந்து ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன். அவள் எடுத்து வாயில் வைத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

செப்டம்பர் 3, வெள்ளி

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

சங்கு ஊதியது. சிப்பாய்கள் துப்பாக்கியோடு வீட்டுக்கு ஒருவராக நின்றார்கள். எங்கள் கதவுக்கு வெள்ளைக்கண்ணு என்ற ஆள். என்னிடம் நான்காம் பாரம் வரை படித்தவன், கீழத்தெருவில் வீடு. கதவிடுக்கில் அவன் துருத்திய குரல்வளை தெரிந்தது. நான் வடிவாம்பாளை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தேன். இம்முறை வாயைப் பொத்தவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "சும்மா இரு, இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரு" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கோட்டைக் கதவு திறந்தது. மாயழகுவுக்குப் பின்னால் ராஜாவே வந்து வாசலில் நின்றார். செருப்பில்லாமல். பக்கத்தில் திவான்.

"பசித்தவர் உண்டோ?"

ஒரு சத்தமும் இல்லை. காக்கை இல்லை. இலை அசையவில்லை. இத்தனை வீட்டிலும் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"பசித்தவர் உண்டோ?"

திவான் ராஜாவிடம் ஏதோ சொல்லி லேசாகச் சிரித்தார்.

மூன்றாம் முறை கேட்கும்போது மாயழகுவின் குரல் உடைந்தது. என் மடியில் வடிவாம்பாள் வாயைத் திறந்தாள். அவள் பேசும் முன், கதவுக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில், "இருக்கேன்" என்றான் வெள்ளைக்கண்ணு.

துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே சொன்னான். நேராக எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு. உடனே அடுத்த வீட்டுச் சிப்பாய் சொன்னான். அதற்கடுத்தவன். வரிசை நெடுக, பள்ளியில் வருகை எடுப்பது போல. பிறகு கோட்டை வாசலில் ராஜாவுக்கு இரண்டு பக்கமும் நின்ற காவல்காரர்கள் சொன்னார்கள்.

ராஜா தம் காவல்காரன் ஒருவனைத் திரும்பிப் பார்த்தார். "நீயுமா?" என்று கேட்டது இங்கே வரை கேட்டது.

"எல்லாருந்தாங்க மகாராஜா" என்றான் அவன்.

அப்போதுதான் கதவுகள் திறந்தன. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்து வாசலை நோக்கி நடந்தார்கள். கதவை மூடச் சொல்லித் திவான் கையை ஆட்டினார். மூட வேண்டியவர்கள் நடப்பவர்களோடு நடந்துகொண்டிருந்தார்கள். ராஜா ஒதுங்கி வழி விட்டார். உள்ளே களஞ்சியத்தின் தாழ்ப்பாள் தெறிக்கும் ஓசை கேட்டது. சங்குக்குப் பிறகு உரத்த ஓசை அது ஒன்றுதான்.

வெள்ளைக்கண்ணு எங்கள் கதவைத் தட்டினான்.

"ஆச்சியைத் தூக்கிக்கிட்டுப் போறேங்கய்யா. நீங்களும் வாங்க."

"சுண்ணாம்பு அடிக்கலையா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"எத்தனை கதவுக்குங்கய்யா அடிக்க?"

அவன் தூக்க, அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் போகவில்லை.

செப்டம்பர் 4, சனி

விடியும் முன் ராஜாவின் கார் வடக்கே போனது. விளக்கு எரியவில்லை.

செப்டம்பர் 13, திங்கள்

பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார நிர்வாகி வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். ராஜா உடல்நலத்தை முன்னிட்டு ஆட்சியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டுவிட்டாராம். வரும் நாட்களில் அவருக்குப் பதில் யாரையும் அமர்த்தும் உத்தேசமில்லை. சிம்மாசனத்தைத் துணி போர்த்தி ஒதுக்கிவிட்டார்கள். நானூறு வருஷ வம்சத்தை முடிக்க அரைப்பக்க அறிவிப்பு போதுமாக இருந்தது.

பட்டணத்துப் பத்திரிகை, கொன்றையூரில் எதிரிகளின் கைக்கூலிகள் புகுந்து சிப்பாய்களின் மனசைக் கலைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. தகவல் கொடுத்தவர் முன்னாள் திவான். உணவுக் குறைவு ஏதும் இருக்கவில்லையாம்.

மாலையில் மாயழகு வந்தார்.

"உச்சியில போய் நின்னுட்டு வந்தேங்கய்யா. கேக்கவும் கேட்டேன்."

"பதில் வந்ததா?"

"அது வந்தாலும் வராட்டியும், உள்ளாற போயி ஆருகிட்டச் சொல்றது? வாசல் நிறைவுன்னு சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல." படி இறங்கும்போது திரும்பி, "அந்த மூலை வூட்டுப் புள்ளை மட்டும் சொல்லிச்சுங்கய்யா" என்றார்.

நான் உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன்.

செப்டம்பர் 19, ஞாயிறு

கோட்டைச் சமையற்கட்டில் ஊருக்கே கஞ்சி காய்ச்சுகிறார்கள். வடிவாம்பாள் அங்கேதான் இருக்கிறாள். வீக்கம் வடிகிறதாம். வெள்ளைக்கண்ணுவிடம் எனக்கும் ஒரு தூக்குச் சட்டியில் அனுப்புகிறாள். எப்போது வருவாள் என்று கேட்டனுப்பினேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்று பதில்.

இந்தத் தாள்களைப் பட்டணத்துப் பத்திரிகைக்கு அனுப்புவதென்று தீர்மானித்தேன். கைக்கூலி யாரும் வரவில்லை, வந்தது பசி என்று யாராவது சொல்ல வேண்டும். என்னைத் தவிர எழுதத் தெரிந்தவர் இங்கே யார் இருக்கிறார்கள்? கடைசிப் பக்கத்தில் என் பெயரை, பட்டங்களோடு, அழகான எழுத்தில் போட்டேன். பிறகு முதலிலிருந்து ஒரு முறை படித்தேன்.

ஆகஸ்ட் 9ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டால் பெயர் போட்டு அனுப்பலாம். கிழிக்கக் கையும் வைத்தேன். அந்தப் பக்கம் இல்லாமல் சங்கு ஏன் உச்சிவேளையில் ஊதியது என்று படிப்பவருக்கு விளங்காது. தெரு ஏன் காலியாக இருந்தது என்று விளங்காது. அவள் ஏன் சன்னலுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது என்றும் விளங்காது.

பக்கத்தை விட்டுவிட்டுப் பெயரை வெட்டி எடுத்தேன். அடுப்பில் போட நெருப்பில்லை, மென்று விழுங்கினேன்.

இந்தத் தாளையும் சேர்த்து உறையை ஒட்டிவிடுவேன். அனுப்புநர் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நாளைக் காலைத் தபாலில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து நேரே கோட்டைக்குப் போய்க் கஞ்சி வரிசையில் நிற்பேன். அவள் ஊற்றினால் வாங்கிக்கொள்வேன்.